மகன் இல்லாத சிற்பம்

தூரிகைத் தடங்கள் – தொடர்: 14

சென்ற வாரம் பார்த்த கோயாவின் போர்ப் படங்கள், அவர் கண்மூடி 35 ஆண்டுகள் கழித்துத்தான் புத்தகமாக வெளிவந்தன. இந்த வாரம் நாம் சந்திக்கும் ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ், போரின் சூடு ஆறுவதற்குள் தன் படங்களை ஊருக்கு முன்னால் வைத்தவர். அந்தத் துணிவுக்குப் பின்னால் ஒரு பெரும் தவறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருடைய கலையைப் பேச முடியாது.

1914 ஆகஸ்ட். முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. படையில் சேரத் துடிக்கிறான். உரிய வயது வராததால் அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா கார்ல் மறுத்துவிட்டார். உன் வயதுக்காரர்களை நாடு இன்னும் கூப்பிடவில்லையே என்பது அவர் வாதம். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா அவனுக்காகப் பரிந்து பேசினார்; கணவரைச் சம்மதிக்கவும் வைத்தார். அக்டோபரில் கிளம்பிப் போனவன், அந்த மாதம் 22ஆம் தேதி பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே ஊருக்கு அருகே இறந்தான்.

கேத்தே அப்போதே புகழ்பெற்ற கலைஞர். 1867இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். 1891இல் மருத்துவர் கார்லை மணந்து பெர்லினின் தொழிலாளர் பகுதியில் குடியேறினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வீடுதான். வைத்தியத்துக்கு வரும் பெண்கள் டாக்டரிடம் நோயைச் சொல்லிவிட்டு, அவர் மனைவியிடம் வேலையில்லாத கணவனையும் பசித்த பிள்ளைகளையும் பற்றிச் சொன்னார்கள். அந்த முகங்களையே அவர் வரைந்தார். நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய அவருடைய ஆறு அச்சோவியங்களுக்கு 1898இல் தங்கப் பதக்கம் தரலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் எண்ணெய் வண்ணத்தை விட்டு அச்சோவியத்தைத் தேர்ந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலத்தால் அரிக்க விட்டு, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது ஒரு முறை. கொழுப்புக் கலந்த மைக்குச்சியால் கல்லிலேயே வரைந்து எடுப்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரே படத்துக்குப் பல படிகள் கிடைக்கும், விலையும் குறையும். யாரை வரைந்தாரோ அவர்களுடைய வீட்டுச் சுவர் வரை படம் போய்ச் சேரலாம்.

1903இல் அவர் செய்த ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்ற படத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. சப்பணமிட்டு உட்கார்ந்த தாய், உயிரற்ற பிள்ளையின் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். ஏழு வயது பீட்டரை மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வரைந்தது அது. கனம் தாங்காமல் அம்மா முனகியபோது, படம் நன்றாக வரும் என்று மகன் தேற்றினானாம்.

பதினோரு ஆண்டுகளில் அது உண்மையாகிவிட்டது. இறந்த சில வாரங்களுக்குள்ளேயே மகனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய கேத்தே முடிவெடுத்தார். முதல் திட்டத்தில் பீட்டர் நீட்டிப் படுத்திருக்கிறான்; தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. களிமண்ணில் பிசைந்தார், கலைத்தார், மறுபடி தொடங்கினார். 1919இல் முற்றாகக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் தொட்டபோது மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். பெற்றோர் மட்டும் மிஞ்சினார்கள். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய கலை முடிவு அதுதான். படுத்திருக்கும் அழகிய இளைஞனைக் கல்லில் வடித்திருந்தால், அவன் எப்படியும் ஒரு வீரனாகிவிடுவான். சாவுக்கும் ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொள்ளும். தான் சம்மதம் வாங்கிக் கொடுத்த சாவுக்குப் பெருமை சேர்க்க அந்தத் தாயால் முடியவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1918 அக்டோபரில், தோல்வி கண்ணுக்குத் தெரிந்த பிறகும், கவிஞர் ரிச்சர்ட் டேமெல் இன்னும் ஆட்கள் களத்துக்கு வர வேண்டும் என்று அறைகூவினார். விதைநெல்லை அரைக்கக் கூடாது என்ற கெதேயின் சொல்லை முன்வைத்து கேத்தே பத்திரிகையில் பகிரங்கமாக மறுத்து எழுதினார். அடுத்து ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரக்கட்டை அச்சோவியங்கள். அவற்றில் போர்க்களமும் இல்லை, எதிரியும் இல்லை. தாய்மார், விதவைகள், பெற்றோர், முரசடிக்கும் சாவின் பின்னே மயங்கிப் போகும் பையன்கள். அந்தப் பையன்களில் சாவுக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். 1924இல் ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்ற சுவரொட்டி.

சிற்பம் 1932இல் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள், மகன் வாழ்ந்த அதே அளவு காலம். பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் கேத்தேவும் கார்லும் போய் நின்று நிறுவினார்கள். இரண்டும் தனித்தனிக் கற்கள், நடுவே இடைவெளி. அப்பா நிமிர்ந்து மண்டியிட்டு, தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா முன்னால் குனிந்து சாய்ந்திருக்கிறார். முகங்கள் அவர்களுடையவையே. ஒருவரையொருவர் தேற்றக்கூட முடியாத துயரத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன சிற்பம் வேறொன்றை நான் அறியேன்.

அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகளுக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக, பிரஷ்யக் கலைக் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண்ணான அவரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1940இல் கார்ல் போய்ச் சேர்ந்தார். 1942இல் பேரன் ரஷ்யக் களத்தில் மாண்டான். அவன் பெயரும் பீட்டர். அதற்குச் சற்று முன்புதான், மூன்று சிறுவர்களைத் தன் மேலங்கிக்குள் அடக்கி மறிக்கும் கிழவியைக் கல்லச்சில் வரைந்து, அந்த விதைநெல் வாசகத்தையே தலைப்பாக வைத்திருந்தார். 1943இல் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடியச் சில நாட்களே இருந்தபோது, 1945 ஏப்ரல் 22 அன்று, டிரெஸ்டனுக்கு அருகே மோரிட்ஸ்பர்கில் அவர் காலமானார்.

பெர்லினின் நோய வாஹெ நினைவிடத்தில், இறந்த மகனைத் தாங்கிய அவருடைய தாய்ச் சிலையை 1993இல் வைத்தார்கள். மூலச் சிற்பத்தின் உயரம் ஒன்றேகால் அடிதான். அதைச் சுமார் நான்கு மடங்காகப் பெருக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்கடக்கமான துக்கத்தை அரசு விழாவுக்கு ஏற்ற அளவில் ஊதிவிட்டார்கள். ஐரோப்பா போகும் வாய்ப்புள்ள வாசகர்கள் பெர்லினோடு திரும்பிவிடாதீர்கள். பீட்டரின் கல்லறையும் பெற்றோர் சிற்பமும் 1950களில் பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டு, இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவசியம் போய்ப் பாருங்கள்.

(தொடரும்)