எதிரியின் அரண்மனையைக் கட்டிய கைகள்

கிரேக்க - பாரசீகப் பகை என்றதும் மாரத்தான், சலாமிஸ் போர்கள்தான் நினைவுக்கு வரும். சுதந்திர மேற்கும் அடிமைக் கிழக்கும் மோதிய கதையாகவே அதைப் படித்து வந்திருக்கிறோம். பாரசீகர்களே விட்டுச்சென்ற ஆவணங்களைப் பார்த்தால் இருவரையும் பிரிக்கும் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. சூசாவில் எழுப்பிய அரண்மனைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் கல்வெட்டில் சொல்கிறார்: மரம் லெபனானிலிருந்து, கல் தச்சர்கள் கிரேக்கர் வாழ்ந்த அயோனியாவிலிருந்தும் சார்டிஸிலிருந்தும். பெர்செபோலிஸில் 1930களில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் பெரும்பாலானவை ஈலாமிய மொழியில் எழுதிய படியளப்புக் கணக்குகள். நடுவே ஒரே ஒரு பலகையில் மட்டும் கிரேக்கம். விஷயம், கொஞ்சம் திராட்சை மது. பேரரசின் மையத்தில் ஒருவர் கிரேக்கத்தில் கணக்கெழுதினால், அதைப் படிக்கவும் ஆள் இருந்தது என்றுதானே பொருள்?

அந்தக் கிரேக்கர்கள் விரும்பியா வந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலகம் செய்த அயோனிய நகரமான மிலேட்டஸின் மக்களை டேரியஸ் நாடு கடத்தினார், கி.மு. 480இல் அவர் மகன் செர்க்சஸ் ஏதென்ஸைக் கொளுத்தினார். ஆனால் அதே ஆண்டு சலாமிஸில் செர்க்சஸின் கடற்படையில் அயோனியக் கிரேக்கர்களும் இருந்தார்கள். தீப்ஸ் என்ற கிரேக்க நகரமும் அவர் பக்கம்தான். சலாமிஸில் அவரைத் தோற்கடித்த ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளீஸோ, சொந்த ஊர் துரத்தியதும் செர்க்சஸின் மகனிடமே அடைக்கலம் புகுந்து, மக்னீசியாவின் வருமானத்தில் வாழ்ந்தார். (மன்னருக்குப் பெருந்தன்மையும் உண்டு, கணக்கும் உண்டு.) பின்னர் ஸ்பார்ட்டா ஏதென்ஸைக் கடலில் வீழ்த்தியது பாரசீகப் பணத்தில். கி.மு. 386இல் கிரேக்க நகரங்களுக்கு இடையே சமாதான விதிகளை வகுத்தவரே பாரசீக மன்னர் இரண்டாம் அர்தசெர்க்சஸ்தான்.