மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு

மாட்டின் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி, வானில் பறக்கும் கழுகைக் கொல்லுமா? கொல்லும் என்பது நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

இறந்த கால்நடைகளின் உடல்களை உண்டு ஊர்ப்புறங்களைத் தூய்மையாக வைத்திருந்தவை பாறு கழுகுகள். 1990-களில் அவை கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. இராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் இந்த வீழ்ச்சி முதலில் கவனிக்கப்பட்டது. வெண்முதுகுப் பாறு நூற்றில் ஒன்றுகூட எஞ்சாத நிலைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு இவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் ஐயுற்றனர். ஆனால் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகங்கள் பழுதாகி, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்படிகமாகப் படிந்திருந்தது. காரணம் டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிப்படுத்தியது. மாடு தாங்கிக்கொள்ளும் அம்மருந்து, அதன் இறைச்சி வழியே கழுகின் உடலில் சேர்ந்து நஞ்சானது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் இம்மருந்து இருந்தாலே இத்தகைய பேரழிவு நேரும் என்று கணக்கிடப்பட்டது.

தடை மட்டும் போதாது. நோயுற்ற மாட்டுக்கு மாற்று மருந்து வேண்டுமே! பரேலி அருகே இஜ்ஜத்நகரில் இயங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களும் பங்கேற்ற ஆய்வுகள், மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கற்றது எனக் காட்டின. 1889-இல் புனேயில் தொடங்கப்பட்ட நிலையம் அது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை 2006-இல் இந்தியா தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015-இல் அவற்றின் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதும் 2023-இல் தடை செய்யப்பட்டது.

ஓர் உயிருக்கு உகந்தது மற்றோர் உயிருக்கு ஒவ்வாதிருக்கலாம். அதனை அறிந்து சொல்வதே கால்நடை ஆராய்ச்சியின் பெரும்பணி. கறவை மாட்டுக் கடன் பெற்றுள்ள நம் வாடிக்கையாளர்களுக்கு மாடுதான் மூலதனம். அதன் நலம் காப்பது இன்றியமையாதது. ஆயினும் மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் ஊசி மருந்து வாங்க வேண்டாம். வலிக்கு மெலாக்சிகாம் பொருந்துமா என மருத்துவரிடம் கேட்போம். சிகிச்சையின்போது இறந்த மாட்டைத் திறந்தவெளியில் எறியாமல் ஆழப் புதைப்போம். நம் தொழுவத்தில் நாம் எடுக்கும் முடிவு வானம் வரை சென்று சேர்கிறது.