பத்துக்கு நாலு வாங்கிய பள்ளி

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், படுக்கையறை எத்தனை என்று பார்ப்பதற்கு முன்பே ஓர் எண்ணைப் பார்த்துவிடுகின்றன. ஜில்லோ போன்ற தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளின் பட்டியல் இருக்கும். ‘கிரேட்ஸ்கூல்ஸ்’ அமைப்பு பத்துக்கு இத்தனை என்று போட்ட மதிப்பெண்ணும் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலான ஊர்களில் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள மிடில் ஸ்கூலுக்கு ஒன்பது என்றால் வீட்டு விலை ஒரு தினுசு, நாலு என்றால் வேறு தினுசு.

அந்த நாலு எங்கிருந்து வருகிறது? அடிப்படை, மாநிலம் நடத்தும் தேர்வு. ஜார்ஜ் புஷ் 2002 ஜனவரியில் கையெழுத்திட்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றும் சொன்னது. நூற்றுக்கு நூறு என்று சட்டத்தில் எழுதிவிட்டால் வந்துவிடுமா என்ன? வரவில்லை. 2015இல் ஒபாமா காலத்துப் புதிய சட்டம் அந்த இலக்கைக் கைவிட்டது. ஆனால் ஆண்டுத் தேர்வும், முடிவுகளை இனம், வறுமை, ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் என்று பிரித்து வெளியிடும் வழக்கமும் நிலைத்தன. அது நல்லதே. பள்ளியின் சராசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, பின்தங்கிய பிள்ளைகளை யாரும் மறைக்க முடியாது.

சிக்கல், மொத்தத் தேர்ச்சி விகிதத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது. ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நூறு பிள்ளைகளில் 80 பேர் வசதியானவர்கள், அவர்களில் 70 சதவீதம் தேர்ச்சி. 20 பேர் ஏழைகள், அவர்களில் 30 சதவீதம். மொத்தம் 62. சில ஆண்டுகளில் அந்தப் பகுதியில் வாடகைக் குடியிருப்புகள் பெருகி, இரு தரப்பும் ஆளுக்கு 50 ஆகிவிடுகிறது. ஆசிரியர்கள் உழைத்ததில் வசதியானவர்களின் தேர்ச்சி 74 ஆகவும் ஏழைகளின் தேர்ச்சி 36 ஆகவும் உயர்கிறது. இப்போது மொத்தம் என்ன? 55. இரண்டு பிரிவும் முன்னேறியிருக்க, பள்ளி ஏழு புள்ளி ‘சரிந்துவிட்டது’. தலைப்புச் செய்தியில் சரிவு மட்டும்தான் வரும்.

பிள்ளையின் தேர்வு முடிவில் குடும்பப் பின்னணிக்கு இருக்கும் பங்கு புதிய கண்டுபிடிப்பல்ல. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966இல் வந்த அரசு அறிக்கையே அதைச் சொன்னது. பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுக்க உள்ள பள்ளி மாவட்டங்களின் முடிவுகளைத் தொகுத்து வேறொரு கேள்வி கேட்டார்: மூன்றாம் வகுப்பில் இருந்த நிலையிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் வந்தார்கள்? தொடக்க மதிப்பெண்ணுக்கும் இந்த வளர்ச்சிக்கும் இடையே அழுத்தமான தொடர்பே இல்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோவில் மூன்றாம் வகுப்பு மதிப்பெண் தேசிய சராசரிக்கு வெகு கீழே. ஆனால் ஐந்தே ஆண்டில் அவர்கள் ஆறாண்டுக்கான பாடத்தைப் பிடித்திருந்தார்கள். தேர்ச்சி விகிதம் பெருமளவு யார் உள்ளே வந்தார்கள் என்பதைச் சொல்கிறது. வந்தவர்களைப் பள்ளி என்ன செய்தது என்பதற்கு வளர்ச்சிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். கிரேட்ஸ்கூல்ஸும் சில ஆண்டுகளாகத் தரவு கிடைக்கும் இடங்களில் இந்த முன்னேற்றத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எல்லாம் கலந்து ஒற்றை எண்ணாகத்தான் வெளியே வருகிறது.

வறுமையை அளப்பதிலும் குழப்பம் உண்டு. ‘ஏழை மாணவர்’ என்றால் பெரும்பாலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர் என்று பொருள். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை இருந்தால் இலவசம், 185 வரை என்றால் சலுகை. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏழைகள் மிகுந்த பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் சோறு போட வழி செய்தது. கலிபோர்னியா 2022 முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இலவசமாகத் தருகிறது. பசிக்கு நல்லது, புள்ளிவிவரத்துக்குத் தலைவலி. சில மாநில அறிக்கைகளில் ஒரு பள்ளியின் வறுமை விகிதம் திடீரென்று நூறுக்குத் தாவுவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

நம் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? இனப் பத்தியில் ‘ஆசியர்’. மென்பொருள் பொறியாளரின் மகளும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் இனக் குடும்பத்துப் பையனும் ஒரே பத்தியில்தான். அந்தச் சராசரி இருவரில் எவரைப் பற்றியும் அதிகம் சொல்லாது. அடுத்தது மொழி. சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசுவது தமிழ் என்று எழுதினால், கலிபோர்னியாவில் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதும் பெற்றோரும் உண்டு, தேவையில்லாத பயம். அந்தத் தேர்வில் தேறாதவர் ‘ஆங்கிலம் கற்போர்’ பிரிவில் சேருவார், தேர்ந்ததும் வெளியேறிவிடுவார். நன்றாகப் படிப்பவர்கள் போய்க்கொண்டே இருக்கும் பிரிவின் சராசரி எப்படி உயரும்? அதற்காகத்தான் வெளியேறியவர்களையும் நான்கு ஆண்டு வரை அந்தப் பிரிவிலேயே சேர்த்து எண்ண 2015 சட்டம் இடம் கொடுத்தது.

மாநிலக் கல்வித் துறைகள் பள்ளிவாரியாக வெளியிடும் அறிக்கையில் மதிப்பெண்ணைவிட நான் முதலில் தேடுவது வருகைப் பதிவு. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவரை ‘தொடர் வருகையின்மை’ என்று கணக்கிடுகிறார்கள். 180 நாள் கல்வியாண்டில் அது 18 நாள். கொரோனாவுக்கு முன் நாடு முழுக்க சுமார் 15 சதவீத மாணவர்கள் இந்தக் கணக்கில் வந்தார்கள், 2021–22இல் அது 28 சதவீதத்தை ஒட்டிவிட்டது. அதே 2022இல் எட்டாம் வகுப்பு தேசியக் கணிதத் தேர்வின் சராசரி, 2019ஐவிட எட்டுப் புள்ளி இறங்கியிருந்தது. ஒரே வருவாய் நிலையிலுள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்றில் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள், மற்றதில் வருவதில்லை என்றால், அங்கே தலைமையாசிரியரிடம் கேட்கக் கேள்வி இருக்கிறது.