'லேசான பாதிப்பு' என்றால் ஆபத்து இல்லையா? தாராவி உணர்த்திய பாடம்

மும்பை: "பயப்பட வேண்டாம், லேசான பாதிப்புதான்." காய்ச்சலுடன் மருத்துவமனைக்குச் செல்பவர் இந்தச் சொற்களைக் கேட்டதும் நிம்மதியுடன் வீடு திரும்புகிறார். ஆனால், 'லேசானது' என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் உள்ள பொருள் வேறு. அது நோயின் அன்றைய நிலையைக் குறிக்கும் வகைப்பாடு மட்டுமே. அடுத்த நாளுக்கான உத்தரவாதம் அல்ல.

வகைப்பாடு எதற்காக?

கொரோனா பரவத் தொடங்கிய 2020 ஏப்ரலில், நோயாளிகளை லேசான, மிதமான, தீவிர பாதிப்பு என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனி சிகிச்சை இடங்களை ஒதுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைந்த படுக்கைகளை யாருக்கு முதலில் தருவது என்பதை முடிவு செய்யவே இந்தப் பிரிவினை.

மூச்சுத்திணறலோ, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவோ இல்லாதவர்கள் லேசான பிரிவில் வைக்கப்பட்டனர். ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 சதவீதம் வரை இருந்தால் மிதமான பாதிப்பு. 90-க்குக் கீழ் சென்றால் தீவிர பாதிப்பு என்று பின்னர் வரையறுக்கப்பட்டது. கடும் காய்ச்சலாலும் உடல்வலியாலும் எழுந்து நடக்க இயலாதவரும் இந்த அளவுகோலின்படி 'லேசான' நோயாளியே.

அதே வழிகாட்டுதலில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. லேசான பாதிப்புடையோர் தங்கும் ஒவ்வொரு மையமும் ஒரு பெரிய மருத்துவமனையுடன் இணைக்கப்பட வேண்டும். ஆக்சிஜன் வசதியுள்ள ஆம்புலன்ஸ் 24 மணி நேரமும் தயாராக இருக்க வேண்டும். லேசான நோய் திடீரென முற்றக்கூடும் என்பதை அரசே கணக்கில் கொண்டிருந்தது.

தாராவியில் நடந்தது என்ன?

சுமார் 2.5 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் நெருக்கமாக வாழும் தாராவியில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று உறுதியானது. ஒரே அறையில் முழுக் குடும்பமும் வசிக்கும் வீட்டில், பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் தெருவில், 'வீட்டிலேயே தனித்திருங்கள்' என்ற அறிவுரைக்குப் பொருளில்லை. இளைஞருக்கு லேசாக வந்துபோகும் தொற்று, அதே அறையில் படுத்திருக்கும் சர்க்கரை நோயுள்ள தாய்க்கு உயிராபத்தாகலாம்.

எனவே மாநகராட்சி, நோய் முற்றும் வரை காத்திருக்கவில்லை. தனியார் மருத்துவர்களின் துணையுடன் வீடு வீடாகச் சென்று காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் பரிசோதித்தது. பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் மையங்களாக மாறின. அந்த ஆண்டு ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டார்.

காய்ச்சல் தணியும்போது கவனம்

இந்தப் பாடம் கொரோனாவுடன் முடிந்துவிடவில்லை. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களே ஆபத்தானவை. ரத்த நாளங்களிலிருந்து திரவம் கசிந்து, ரத்த அழுத்தம் சரியக்கூடிய கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. இதனாலேயே உலக சுகாதார அமைப்பு 2009-ல் தனது டெங்கு வகைப்பாட்டை மாற்றியமைத்து, 'எச்சரிக்கை அறிகுறிகள் உள்ளவர்கள்' என்ற பிரிவைச் சேர்த்தது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை அந்த அறிகுறிகள்.

மழைக்காலத்தில் நீர் தேங்கும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் போன்ற பகுதிகளில் எலிக்காய்ச்சல் அச்சமும் உண்டு. சாதாரணக் காய்ச்சலும் தசைவலியுமாகத் தொடங்கும் இந்நோய், சிலருக்குச் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரலைத் தாக்குகிறது. தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுகித் தடுப்பு மருந்து பெற வேண்டும் என மும்பை மாநகராட்சி அறிவுறுத்தி வருகிறது.

குணமான பின்னரும்...

நோய் நீங்கியதாகத் தோன்றினாலும் விளைவுகள் நீடிக்கலாம். லேசான கொரோனா பாதிப்புக்கு ஆளானவர்களிலும் சிலருக்குச் சோர்வும் மூச்சிரைப்பும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. நோயின் தொடக்க வகைப்பாடு இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

'லேசானது' என்ற சொல் வீண் பதற்றத்தைத் தவிர்க்க உதவும்; கண்காணிப்பைக் கைவிடுவதற்கான அனுமதி அல்ல. அடுத்த எத்தனை நாள்கள் கவனமாக இருக்க வேண்டும், எந்த அறிகுறி தென்பட்டால் உடனே திரும்பி வர வேண்டும், வீட்டில் உள்ள முதியவர், கர்ப்பிணி, குழந்தைக்கு என்ன பாதுகாப்பு தேவை என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டு, பதில் பெற்ற பிறகே வீடு திரும்புவது நல்லது.