பழைய அட்டைகளுக்கு விலை வந்த கதை

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் பொறித்த அட்டைகளை ஆயுட்காலமெல்லாம் சேகரித்தவர் ஒருவர், அந்தச் சேகரத்தை விற்க முற்படும்போது, வியாபாரி முதலில் விசாரிப்பது அவை அச்சான வருஷத்தைத்தான். 1909 முதல் 1911 வரை புகையிலைக் கம்பெனியார் சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தவற்றையும், பிற்காலத்தில் புரூக்ளின் நகரத்து டாப்ஸ் கம்பெனியார் சூயிங்கத்தோடு விற்றவற்றையும் அந்நாளில் எவரும் செல்வமாகக் கருதவில்லை. சிறுவர்கள் சுவரில் எறிந்து ஆடினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிச் சடசடக்க விட்டார்கள், அவர்கள் வளர்ந்த பின்னர் தாய்மார் குப்பையோடு கொட்டினார்கள். 1952-ஆம் வருஷத்து வரிசையில் கடைசியாக வெளிவந்து விற்காமல் தேங்கியவற்றை, 1960-ஐ ஒட்டிப் படகிலேற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் தள்ளியதாக, அவற்றை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸை பெர்கரே கூறியிருக்கிறார். அந்த வரிசையில் தப்பிய, மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று.

பழைய அட்டைகளின் விலை ஏறுவதைக் கண்ட ஜனங்கள், 1980-களிலும் அதையடுத்த சில வருஷங்களிலும், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவுமென்று நம்பி, பிரிக்காத பெட்டிகளாகவே வாங்கி அடுக்கினார்கள். கம்பெனிகளும் அளவின்றி அச்சடித்தன. எவரும் எறியாத பொருள் அபூர்வமாவது எங்ஙனம்? அப்பெட்டிகளுக்குக் கொடுத்த விலைகூடப் பெரும்பாலும் திரும்புவதில்லை. சிக்கனமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு நேர்ந்த இந்த நஷ்டம் என் மனத்தை உண்மையாகவே வருத்துகிறது.

வருஷத்துக்கு அடுத்தபடி பார்ப்பது அட்டையின் நிலையை. மூலை மழுங்காமை, மடிப்பின்மை, அச்சு நடுவில் அமைந்திருத்தல் ஆகியவற்றைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனையென்று மதிப்பெண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுள் பிரசித்தமான பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பிட்ட ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் புகையிலை அட்டைக்கு எட்டு கிடைத்தது; ஆனால் அதன் ஓரங்களைத் தாமே கத்தரித்ததாக, முன்னர் அதை வாங்கி விற்ற ஏல வியாபாரி வில்லியம் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். ஆகவே விற்பவர் எவ்வளவு சபலம் தோன்றினும் கத்தரியையோ அழிப்பானையோ தொடாமல், அட்டையை உள்ளபடியே காட்டுவதுதான் நியாயம்; வாங்குபவரின் நம்பிக்கையே இவ்வியாபாரத்தின் ஜீவன்.

இனி, விற்கும் வழி: ஏலத்துக்கு விட்டால் நிறுவனத்தார் தரகு எடுத்துக்கொள்வார்கள், காலமும் பிடிக்கும். கடைக்காரரோ தாம் மீண்டும் விற்று லாபம் காணவேண்டியவராதலால் குறைத்தே கேட்பார். அபூர்வமான சிலவற்றை மட்டும் ஏலத்துக்கு அனுப்பி, நடுத்தரமானவற்றை வருஷ வரிசை கலையாமல் மொத்தமாகக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எவரும் கேளாத அந்த 1980-களின் பெட்டிகளை அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் பிரித்து விளையாடக் கொடுத்துவிடுவது உசிதமென்று எனக்குத் தோன்றுகிறது.