டி டிரைவ் இன்னொரு டிஸ்க் அல்ல

“முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த நம்பிக்கையில் எது சரி, எது ஆபத்து என்று நிதானமாகப் பார்ப்போம்.

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருப்பது ஒரே டிஸ்க்தான். பார்ட்டிஷன் செய்யும்போது அதை யாரும் வெட்டுவதில்லை. ‘இங்கிருந்து இதுவரை சி, அதன்பின் டி’ என்று அதன் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணை எழுதப்படுகிறது, அவ்வளவுதான். 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் முறையில் அந்த அட்டவணைக்கு 64 பைட்தான் இடம். அதனால் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் முடியாது. சுமார் 2 டெராபைட்டைத் தாண்டிய இடத்தையும் அது அறியாது. இப்போதைய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 பிரிவுகள்வரை அனுமதிக்கிறது. அட்டவணைக்கு ஒரு நகலும் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். நகல் அட்டவணைக்குத்தான், உங்கள் ஃபைல்களுக்கு அல்ல.

பிரிப்பதில் நல்ல பயன் உண்டு. விண்டோஸ் பழுதானால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து மறுபடி நிறுவலாம். டி-யில் உள்ள கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் அப்படியே இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் வைப்பவை வழக்கமாக சி-யில்தான் சேரும். பலர் இழப்பது அவற்றைத்தான்.

சி-யும் டி-யும் ஒரே கூரையின் கீழ் உள்ள இரண்டு அறைகள். டிஸ்க்கே செத்துப்போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தாலும் அது சி-யோடு நிற்பதில்லை.

பிரிக்க வேண்டுமென்றால் முதலில் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெகவரி கீயைக் குறித்துவையுங்கள். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி-யின் மீது ரைட் கிளிக் செய்து, ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். கிடைக்கும் காலி இடத்தில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’ உருவாக்குங்கள்.

தவறுதலாக ஒரு பார்ட்டிஷனை அழித்துவிட்டால் பதற வேண்டாம். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். அழிந்தது பெரும்பாலும் அட்டவணையின் ஒரு வரிதான். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அதைப் பல சமயங்களில் மீட்டுத் தந்துவிடும். ஆனால் எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு.

அதனால் 3-2-1 கணக்கை மறக்காதீர்கள்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நகலெடுத்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். அவ்வப்போது அதிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். நகலை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.