ஆலை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் படிப்பு

"சார், பையன் பி.இ. கெமிக்கல் முடிச்சிட்டான். மேல படிக்கணும்கிறான். பிராசஸ் சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங்னு ஏதோ சொல்றான். அது கெமிக்கலா, கம்ப்யூட்டரா? படிச்சா வேலை கிடைக்குமா?"

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் குடும்பங்கள் கூடும் இடங்களில், கல்யாணப் பந்தியில்கூட, இதுபோன்ற கேள்விகள் காதில் விழுகின்றன. கேட்பவர் பெரும்பாலும் தகப்பனாரோ தாயாரோதான். இரண்டு வருடப் படிப்புச் செலவும், கைக்கு வரும் ஐ.டி. வேலையை விட்டுவிடலாமா என்ற தயக்கமும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. பிள்ளை சொல்லும் படிப்பு என்ன என்பது பெற்றோருக்கும் விளங்கினால்தான் முடிவெடுக்க முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

சமையற்கட்டிலிருந்து தொடங்குவோம்

மாட்டுங்காவில் ஒரு மெஸ் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு இட்லி தயாராக இருக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊற வேண்டும். மாவு இரவு முழுவதும் புளிக்க வேண்டும். இருப்பதோ நான்கு அடுப்பு. இட்லி, சாம்பார், பால், டிகாக்ஷனுக்கு வெந்நீர் எல்லாம் அதிலேயே ஆக வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்தையும் பக்குவமாகச் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே பலர் இருக்கலாம். ஆனால் எந்த அடுப்பில் எது எப்போது ஏற வேண்டும், குளிரில் மாவு சரியாகப் புளிக்காவிட்டால் என்ன செய்வது, திடீரென்று கூட்டம் கூடினால் எதைக் குறைப்பது என்று மொத்தத்தையும் மனதில் வைத்து முடிவெடுப்பவர் ஒருவர்தான்: தலைமைச் சமையல்காரர்.

கெமிக்கல் இன்ஜினீயரிங் இளநிலைப் படிப்பில் ரியாக்டர், வடிகோபுரம், வெப்பமாற்றி, பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பாடம் நடக்கிறது. இவை எல்லாவற்றையும் குழாயால் இணைத்து ஆலையாக ஓட்டும்போது வரும் கேள்விகளுக்கு, கணிதத்தையும் கணினியையும் கொண்டு விடை தேடுவதே பிராசஸ் சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங். தமிழில் ‘செயல்முறை அமைப்புப் பொறியியல்’ எனலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ரோஜர் சார்ஜென்ட்டை (1926–2018) இத்துறையின் தந்தை என்பார்கள். இதே பெயரிலான சர்வதேச மாநாடு முதன்முதலாக 1982-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் கூடியது.

நம் வீட்டருகே ஓர் உதாரணம்

செம்பூர்க்காரர்களுக்கு ஆலை என்பது பாடப்புத்தகச் சங்கதி அல்ல. மாஹுலில் 1954-இல் ஸ்டான்வாக் சுத்திகரிப்பு ஆலையும் (இன்றைய ஹெச்.பி.சி.எல்.), 1955-இல் பர்மா ஷெல் ஆலையும் (இன்றைய பி.பி.சி.எல்.) ஓடத் தொடங்கின. 1965-இல் டிராம்பே உரத் தொழிற்சாலை (இன்றைய ஆர்.சி.எஃப்.) வந்தது.

சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயை வடிகோபுரத்துக்குள் அனுப்புமுன் ஏறத்தாழ 350 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கோபுரத்திலிருந்து வெளிவரும் டீசல், மண்ணெண்ணெய் முதலியவற்றையோ குளிரவைக்க வேண்டும். ஒரு பக்கம் எரிபொருள் செலவு, மறுபக்கம் குளிர்நீர்ச் செலவு. இரண்டையும் எதிரெதிரே ஓடவிட்டால் என்ன?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு திரவம் 150 டிகிரியிலிருந்து 50-க்கு ஆற வேண்டும். இன்னொன்று 30-லிருந்து 130-க்குச் சூடேற வேண்டும். இரண்டிலும் டிகிரிக்கு 10 கிலோவாட் என்றால், தனித்தனியாகச் செய்ய 1,000 கிலோவாட் சூடும் 1,000 கிலோவாட் குளிர்ச்சியும் வேண்டும். ஒரே வெப்பமாற்றிக்குள் எதிரெதிரே விட்டால், எந்த இடத்திலும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும்; வெளியிலிருந்து சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம்.

இரண்டு குழாய்க்குக் கணக்கு சுலபம். நிஜ ஆலையில் இப்படிப் பல டஜன் குழாய்கள்; எதை எதோடு சேர்ப்பது? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் போடோ லின்ஹாஃப் முதலியோர் வளர்த்த ‘பின்ச்’ முறை, எந்த ஆலைக்கும் மிகக் குறைந்த எரிபொருள் தேவை எவ்வளவு என்பதை வரைபடம் போடுமுன்பே சொல்லிவிடுகிறது.

ஆனால் ஆதாயத்தோடு ஓர் ஆபத்தும் வருகிறது. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துவிட்டதால், ஒரு வெப்பமாற்றியில் அழுக்குப் படிந்தாலும் தொலைவிலுள்ள கோபுரம்வரை அதன் விளைவு போகும். ஆகவே கட்டுப்பாடும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பால் பொங்கியபின் அடுப்பைத் தணிப்பது ஒரு வகை. பாலின் அளவையும் தீயையும் பார்த்து, ‘இன்னும் ரெண்டு நிமிஷத்துல பொங்கிடும்’ என்று முன்கூட்டியே தணிப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் ‘மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல்’ என்கிறார்கள். 1970-களில் அமெரிக்க ஷெல் நிறுவனத்தில் உருவான இம்முறை இன்று உலகெங்கும் சுத்திகரிப்பு ஆலைகளில் ஓடுகிறது.

அலாரம் அடித்தால் போதுமா?

1994 ஜூலை 24-இல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் அடித்தன. எது மூலகாரணம், எது அதன் எதிரொலி என்று எந்த மனிதரால் பிரித்தறிய முடியும்? அலாரங்கள் தம் வேலையைச் செய்தன. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வழியில்லாமல் போனது.

கோளாறைக் கண்டறியும் இந்தப் பிரிவில் நம்மவர் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் படித்து, பர்டியூவிலும் பின்னர் கொலம்பியாவிலும் பேராசிரியரான வெங்கட் வெங்கடசுப்பிரமணியன், அவரிடம் ஆய்வு செய்து இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் ரகுநாதன் ரெங்கசாமி ஆகியோர் மற்ற இருவருடன் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட மூன்று பகுதி ஆய்வுக் கட்டுரை, இத்துறை மாணவர்கள் தவறாமல் படிப்பது.

2018 ஆகஸ்ட் 8 அன்று மாஹுல் பி.பி.சி.எல். ஆலையின் ஹைட்ரோகிராக்கர் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்புகளிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. ஆலைக்குப் பக்கத்திலே குடியிருக்கும் நமக்கு, ஆலையை முழுதாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும் என்பது வெறும் உத்தியோக விஷயம் அல்ல.

எங்கே படிப்பது?

மும்பையிலேயே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, பவாய் ஐ.ஐ.டி.; 1958-இல் தொடங்கியது. அதன் கெமிக்கல் துறையில் எம்.டெக். சேர்ந்து, விருப்பப் பாடங்களையும் ஆய்வேட்டையும் இப்பிரிவில் எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, மாட்டுங்கா ஐ.சி.டி.; 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் யு.டி.சி.டி.யாகப் பிறந்தது. இரண்டுக்கும் கேட் தேர்வின் கெமிக்கல் தாள் எழுத வேண்டும். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இங்கெல்லாம் பட்டச் சான்றிதழில் துறையின் பெயர் பெரும்பாலும் ‘கெமிக்கல் இன்ஜினீயரிங்’ என்றே இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இதே பெயரோடு பட்டம் வேண்டுவோருக்கு இம்பீரியல் கல்லூரியில் ஓராண்டு எம்.எஸ்சி. உண்டு, செலவு அதிகம்.

காசு செலவழிக்குமுன் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டி.டபிள்யூ.சிம் என்ற இலவச மென்பொருளில் ஓர் ஆலையைக் கணினியிலேயே கட்டி ஓட்டலாம். நம் நாட்டில் மாணவர்களிடையே இதைப் பரப்புவது பவாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம். என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களையும் இலவசமாகவே கேட்கலாம். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பழைய லேப்டாப்போடு உட்காரும் பிள்ளைக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

வேலை கிடைக்குமா?

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவோம். வேலை விளம்பரங்களில் இந்தப் பெயரைத் தேடினால் அநேகமாக அகப்படாது. ‘பிராசஸ் இன்ஜினீயர்’, ‘அட்வான்ஸ்டு கன்ட்ரோல் இன்ஜினீயர்’, ‘சிமுலேஷன்’, ‘பிளானிங்’ என்று தேட வேண்டும். சுத்திகரிப்பு, உரம், மருந்து ஆலைகளிலும், வடிவமைப்பு நிறுவனங்களிலும், ஆலை மென்பொருள் நிறுவனங்களிலும் இடம் உண்டு. ஐ.டி.யைப்போல ஆயிரக்கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆரம்பச் சம்பளம் சில சமயம் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சில பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண் வழியாகவே ஆள் எடுப்பதுண்டு. ஆகவே தேர்வுக்குப் படித்த உழைப்பு வீணாகாது.

கணக்கைக் கண்டால் ஓடும் பிள்ளைக்கு இது வேண்டாம். கணினி மட்டும் போதும், ஆலைப் பக்கமே போகமாட்டேன் என்பவருக்கும் வேண்டாம். கணினி காட்டும் எண் சரியா என்று தொப்பி மாட்டிக்கொண்டு ஆலைக்குள் போய்ப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் தாராளமாகச் சேர்க்கலாம்.

இனி அந்தத் தகப்பனாருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: "கெமிக்கலும் இருக்கு, கம்ப்யூட்டரும் இருக்கு சார். ரெண்டையும் வெச்சு மொத்த ஆலையையும் யோசிக்கிற படிப்பு. பையனை முதல்ல அந்த மென்பொருள்ல ஒரு சின்ன ஆலையைக் கட்டி ஓட்டச் சொல்லுங்க. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரலைன்னா, தைரியமா சேர்த்துவிடுங்க."